ரூட்டுக்கு வெளியே

அந்தப் போனை எங்களிடம் கொடுப்பதற்கு முன்னால் மேனேஜர் அதை ஆபீஸ் மாடியிலிருந்து கீழே போட்டுக் காட்டினார். மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது எங்கள் ஆபீஸ். கீழே சிமெண்டுத் தரை. போன் விழுந்து, ஒருமுறை எகிறி, கவிழ்ந்து கிடந்தது. டயர் கடைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்துத் திட்டினார். யாரோ ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்ததும் மேனேஜர் அதைத் துடைத்துவிட்டு, அதிலிருந்தே எங்களில் ஒருவனுக்கு ரிங் கொடுத்தார். அவன் பையில் மணி அடித்தது. எல்லாரும் கைதட்டினோம். பிறகு ஒரு வாளித் தண்ணீருக்குள் போட்டு எடுத்தார். அதற்கும் கைதட்டினோம்.

போன் வந்த பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரன் பனிமலை உச்சியில் நின்றுகொண்டிருந்தான். வீட்டுக்குள் அடைந்து கிடக்கப் பிடிக்காதவர்களுக்காகச் செய்த போன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மலை ஏறுகிறவர்கள், காட்டில் கூடாரம் அடிக்கிறவர்கள், சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் இவர்களுக்கெல்லாம் ஏற்றது என்று மேனேஜர் வாசித்துச் சொன்னார். நீங்களும் நாள் பூராவும் வெளியிலேதானே இருக்கிறீர்கள், உங்களுக்கும் இதுதான் சரி என்றார். நாங்கள் சிரித்தோம். அந்த வெள்ளைக்காரன் தானாக ஆசைப்பட்டு மலையேறியவன், முடியாவிட்டால் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவான் என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

எங்கள் வேலை, நிலத்துக்கு அடியில் ஓடும் இன்டர்நெட் கேபிளைக் காவல் காப்பது. ரோட்டோரமாகப் புதைத்திருக்கும் கேபிளின் மேலேயே காலையிலிருந்து சாயங்காலம் வரை பைக்கில் போய் வர வேண்டும். எங்காவது ஜேசிபி தோண்டிக்கொண்டிருந்தால் இறங்கிப்போய்க் கையைக் காலைப் பிடித்து நிறுத்த வேண்டும். அறுந்துவிட்டால் ஒட்டுகிற ஆட்களைக் கூப்பிட வேண்டும். உசிலம்பட்டியிலிருந்து எழுமலை வரைக்கும், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரமும் எங்கள் ரூட். ஒரு வண்டிக்கு இரண்டு பேர். ஒருத்தன் ஓட்டுவான், பின்னால் இருப்பவன் தரையைப் பார்த்துக்கொண்டே வருவான்.

நான் சமயநல்லூர்க்காரன். என்னோடு வண்டியில் வந்தவன் எழுமலைக்காரன், என் வயதுதான். முதல் வாரத்திலேயே ஒருத்தரை ஒருத்தர் மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்திருந்தோம். அவனால் ஓரிடத்தில் சும்மா உட்கார முடியாது. காலையில் இருட்டு விலகுவதற்குள் ஊருக்குப் பின்னால் இருக்கும் கரட்டில் ஏறி இறங்கிவிட்டுத்தான் வேலைக்கு வருவான். கபடி ஆடுவான். வழியில் எந்தக் கிணற்றைப் பார்த்தாலும், தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் வரமாட்டான். அந்தப் பெட்டியில் எழுதியிருந்தது எங்கள் ஆபீஸில் யாருக்காவது பொருந்தும் என்றால் அவனுக்குத்தான் பொருந்தும். அவனும் அந்தப் போன்மேல் அவ்வளவு ஆசையாக இருந்தான். கிடைத்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஊர்க் கிணற்றுக்குள் போனோடு குதித்து, தண்ணீருக்கு அடியில் வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினான். பச்சைத் தண்ணீர், கரைக் கல், இடையில் அவனுடைய சிரிப்பு, வாயிலிருந்து கிளம்பும் குமிழிகள். அவன் மனைவி அதைப் பார்த்துவிட்டு, கட்டின பொண்டாட்டியைக்கூட இப்படிச் சிரித்துக்கொண்டு படம் எடுத்ததில்லை என்று சொன்னாளாம்.

எனக்கு அந்தப் போனை முதலிலிருந்தே பிடிக்கவில்லை. கனம் ஒரு காரணம். சட்டைப் பையில் போட்டால் சட்டையே முன்னால் இழுக்கும். ஆனால் உண்மைக் காரணம் வேறு. அதற்கு முன்னால் எங்கள் சொந்தப் போனைத்தான் வேலைக்கும் வைத்திருந்தோம். கண்ணாடி கீறியது, பின்பக்கம் ரப்பர் பேண்டு போட்டது என்று ஆளுக்கு ஒன்று. சித்திரை வெயிலில் அவை சூடேறித் தானாகவே அணைந்துவிடும். மத்தியானத்துக்கு மேல் சார்ஜ் இருக்காது. ஆபீஸிலிருந்து கூப்பிட்டுக் கிடைக்காமல் போய், சாயங்காலம் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், சார்ஜ் போய்விட்டது சார் என்று சொன்னால் போதும். அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஒரு புளியமரத்தடியில் காலை நீட்டிப் படுத்திருப்போம். புதுப் போன் வெயிலுக்கு அணையவில்லை, மழைக்கு அணையவில்லை. ஒருமுறை சார்ஜ் போட்டால் நாள்கணக்கில் நின்றது. சொல்வதற்கு எங்களிடம் இருந்த ஒரே சாக்கும் அதோடு போய்விட்டது.

போனுக்குள் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் இருக்கும் இடம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் புள்ளியாகத் தெரியும். கேபிள் போகும் பாதை சிவப்புக் கோடு. அதை விட்டு விலகினால் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு என்ன காரணம் என்று கேட்பாள். சாப்பாட்டுக்கு என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் வேலை நேரம் அங்கேயே நின்று, சம்பளம் குறையும் என்பதால் யாரும் அழுத்த மாட்டோம். வண்டியை ரோட்டோரம் நிறுத்தி, நின்றபடியே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவோம். நிழல் இல்லாத இடமென்றால் மட்டும் ரோட்டை விட்டு உள்ளே போவோம். அப்படிப் போனால் போன் வரும். யூரினுக்குப் போனேன் என்று சொல்வோம்.

போனின் பக்கவாட்டில் ஆரஞ்சு நிறத்தில் இன்னொரு பட்டன் இருந்தது. பாம்பு கடித்தாலோ, வண்டியிலிருந்து விழுந்தாலோ அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். உடனே ஆபீஸில் சைரன் அடிக்கும், நாங்கள் இருக்கும் இடம் திரையில் தெரியும், ஆள் வரும். மேனேஜர் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். நம்மைப் பற்றி யோசித்திருக்கிறார்களே என்று எனக்குக்கூட மனது கொஞ்சம் இளகியது.

வைகாசி மாதம் ஒரு மத்தியானம். உசிலம்பட்டியைத் தாண்டி எழுமலை போகும் வழியில் ரோட்டிலிருந்து உள்ளடங்கி ஒரு தென்னந்தோப்பு உண்டு. தோப்புக்காரர் அவனுக்குத் தூரத்துச் சொந்தம். அங்கே பம்புசெட்டுத் தொட்டியில் கைகால் கழுவிவிட்டு, அந்தத் தண்ணீரையே குடித்து, சாப்பிட்டுப் போவது எங்கள் வழக்கம். அன்றைக்குக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் தொட்டி காய்ந்து கிடந்தது. எங்கள் பாட்டிலிலும் தண்ணீர் தீர்ந்துவிட்டது. சாப்பாட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுத்த ஊர்க் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். கிணறு பக்கத்திலேயே இருக்கும்போது எதற்குக் கடை என்று அவன் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

கோடையில் தண்ணீர் வெகுவாக இறங்கியிருந்தது. கிணற்றுச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்களில் கால் வைத்து இறங்கினான். அது அவனுக்குத் தெருவில் நடக்கிற மாதிரி. ஆனால் கீழே இருந்த கற்கள் மற்ற மாதமெல்லாம் தண்ணீருக்குள் கிடந்து ஊறியவை. அவற்றில் ஒன்று அவன் காலோடு பெயர்ந்து வந்தது. நான் பார்க்கவில்லை. சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தபோது, தண்ணீருக்குச் சற்று மேலே இருந்த பாறைத் திட்டில் கிடந்தான். ஒரு கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. என்னைக் கூப்பிடவில்லை. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து அந்த ஆரஞ்சுப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் முதலில் அதைத்தான் செய்தான் என்பதை இன்றைக்கு வரை என்னால் மறக்க முடியவில்லை. நானும் என்னுடையதை அழுத்தினேன்.

சொல்லி வைத்த மாதிரி என் போன் அடித்தது. கன்ட்ரோல் ரூம் பெண்.

"சார், ரெண்டு பேருமே ரூட்டுக்கு வெளிய இருக்கறதா காட்டுது. என்ன காரணம் சார்?"

கிணற்றுக்குள் ஆள் விழுந்துவிட்டான், கால் முறிந்துவிட்டது என்றேன். இது எமர்ஜென்சியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மேனேஜர் சாரிடம் சொல்கிறேன், லைனிலேயே இருங்கள் என்று சொல்லிப் போனாள். போனில் பாட்டு ஓட ஆரம்பித்தது. அவள் திரும்பி வருவாள் என்று நான் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு கிணற்று மேட்டில் நின்றேன்.

கீழேயிருந்து அவன் கேட்டான். "வாராங்களா மாப்ள?"

"வாராங்கடா," என்றேன்.

அதைக் கேட்டு அவன் கண்ணை மூடிக்கொண்டான். வலியிலும் ஒரு நிம்மதி அந்த முகத்தில் தெரிந்தது. எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பாட்டைத் துண்டித்துவிட்டு ஆம்புலன்சுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். ரோட்டுக்கு ஓடினேன். டிராக்டரில் வந்த ஒருவரும், பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் வந்தார்கள். தோப்பு வீட்டிலிருந்து கயிற்றுக்கட்டிலைத் தூக்கி வந்து, வடத்தைக் கட்டி இறக்கினோம். டிராக்டர்க்காரர்தான் கீழே இறங்கி அவனைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார். மேலே வரும்வரை அவன் அலறிய அலறலை அந்தப் பெண்களில் ஒருத்தியால் கேட்க முடியவில்லை. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். ஆனாலும் மறு கையில் இருந்த வடத்தை விடவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றும்வரை ஆபீஸிலிருந்து யாரும் வரவில்லை. ஒரு போனும் வரவில்லை. பட்டன் பாக்கெட்டில் தானாக அமுங்கி அடிக்கடி சைரன் அடிக்கிறது என்று சத்தத்தை எப்போதோ குறைத்து வைத்துவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மேனேஜர் அப்போது மீட்டிங்கில் இருந்தாராம். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். அவளுக்குக் கொடுத்த வேலை, ரூட்டுக்கு வெளியே போனவனிடம் காரணம் கேட்பது. அதை அவள் சரியாகச் செய்தாள்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இடுப்பெலும்பும் தொடை எலும்பும் முறிந்திருந்தன. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். அது முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு மேனேஜர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். தைரியமாக இரு, எல்லாம் சரியாகிவிடும் என்றார். கட்டில் ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு, ஆபீஸ் போன் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவன் மனைவி, துணி வைத்திருந்த மஞ்சப்பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். மேனேஜர் வாங்கி, கர்சீப்பால் துடைத்து, பட்டனை அமுக்கினார். வெளிச்சம் வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை என்று என்னிடம் காட்டினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் உண்மையான சந்தோஷம். அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர் கண்ணுக்கு அதுதான் தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ஆபீஸ் வாட்ஸாப் குரூப்பில் அந்தப் போனின் படம் வந்தது. கிணற்றுக்குள் விழுந்தும் நன்றாக வேலை செய்கிறது, நம் ஆட்கள் எல்லாரும் பயமில்லாமல் பயன்படுத்தலாம் என்று கீழே எழுதியிருந்தது. வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. நான் அதை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பார்த்தேன். அவன் உள்ளே தன் சொந்தப் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே வந்ததும் அதைத் தலையணைக்கு அடியில் வைத்தான். பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்தக் குரூப்பிலிருந்து அவன் நம்பரை எடுத்துவிட்டார்கள். வேலை போனதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அப்படித்தான் அவன் தெரிந்துகொண்டான்.

கம்பெனி விசாரணைக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வருகிறார் என்று எனக்குத் தகவல் வந்தது. அதற்கு முந்தின நாள் அவன் மனைவி பஸ் ஏறிச் சமயநல்லூரில் என் வீட்டுக்கு வந்தாள். காபியைத் தொடவில்லை. தோப்புக்குப் பக்கத்தில் கேபிளில் ஏதோ கோளாறு, அதைப் பார்க்கத்தான் உள்ளே போனோம் என்று நான் சொன்னால் போதும் என்றாள். வேலை நேரத்தில் அடிபட்டது என்றாகிவிட்டால் கம்பெனி கைவிட முடியாது என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கம் கேபிளே போகவில்லை, நாங்கள் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்பதெல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது, நான் மாற்றிச் சொன்னால் பொய் என்று உடனே தெரிந்துவிடும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப போன் என்ன சொல்லுதோ அதைத்தேன் நீங்களும் சொல்லப் போறீங்க, அப்படித்தானண்ணே?" என்றாள்.

என் மனைவி அவளை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டுவந்தாள். திரும்பி வந்தவள் அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை.

சென்னைக்காரர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். சிவப்புக் கோட்டை விட்டு இரண்டு நீலக் கோடுகள் விலகி உள்ளே போய் ஓரிடத்தில் நின்றிருந்தன. எதற்குப் போனீர்கள் என்று கேட்டார். சாப்பிட, தண்ணீர் குடிக்க என்று சொன்னேன். சாப்பாட்டுப் பட்டனை அழுத்தவில்லையே என்றார். இல்லை என்றேன். இத்தனை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் எப்படி வேலை செய்வது என்றும் கேட்டேன். அதைப் புரிந்துகொள்வதாகச் சொன்னார். அப்புறம் எனக்கு ஒன்று தோன்றியது. அவன் கிணற்றுக்குள்ளிருந்து அந்தப் பட்டனை அழுத்தினானே, அதுவும் இதில் இருக்குமே, யாரும் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் லேப்டாப்பை மூடினார். அது வேறு சிஸ்டம், தன்னால் இதில் பார்க்க முடியாது என்றார்.

வேலைக்குச் சம்பந்தமில்லாமல், சொந்தக் காரியமாகப் போன இடத்தில் நடந்த விபத்து என்று கம்பெனி முடிவு செய்தது. அவன் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வந்து மேனேஜரிடம் பேசிப் பார்த்தார்கள். அவர் தன் கையில் எதுவும் இல்லை என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

நான் எழுமலைக்கு இரண்டு தடவை அவனைப் பார்க்கப் போனேன். முதல் தடவை வீட்டில் இல்லை என்றார்கள். நடக்க முடியாதவன் எங்கே போயிருப்பான்? அடுத்த தடவை வாசலில் உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று மட்டும் சொன்னான். நான் வண்டியை எடுக்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பின் அந்த ரூட்டில் தினமும் போய்வந்தாலும் அவன் தெருவுக்குள் திரும்பவில்லை. திரும்பினால் போன் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை.

இப்போது வண்டிக்கு ஒரு ஆள்தான். நானே ஓட்டி, நானே தரையைப் பார்க்கிறேன். ஏன் அந்த வேலையை விடவில்லை என்று அவன் ஊரில் என்னைப் பற்றிக் கேட்கிறார்களாம். வேறு வேலை கிடைத்தால் விட மாட்டேனா? கேட்பவர்கள் யாரும் வேலை வாங்கித் தரவில்லை.

போன வருடம் உசிலம்பட்டியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டப வாசலில் வண்டி நிறுத்தும் இடத்தில் நீலச் சட்டை போட்ட வாட்ச்மேன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். உடம்பு பெருத்திருந்தது. பக்கத்தில் கைத்தடி. நான் வண்டியை நிறுத்தும்வரை அது அவன்தான் என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு என்னை முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"வண்டிய ஓரமாப் போடுங்க சார்," என்றான்.

ஓரமாகப் போட்டேன். உள்ளே போகாமல் அவன் பக்கத்தில் வந்து நின்றேன். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். படிக்கிறார்கள் என்றான். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மழைக்காலத்தில் குத்தும் என்றான். அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. இத்தனை நாளாக மனதுக்குள் பேசிப் பேசிப் பழகியிருந்ததை அங்கேயே சொல்லிவிட்டேன். நான் பொய் சொல்லியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது, எல்லாமே அவர்களிடம் இருந்தது, என் வேலையும் சேர்ந்து போயிருக்கும், அவ்வளவுதான் என்று சொன்னேன். என் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் கோபப்படவில்லை.

"ஒன்னும் நடந்திருக்காதுன்னு எனக்கும் தெரியும்," என்றான். "நீ சொல்லிப் பாத்திருக்கலாம். அம்புட்டுத்தேன்."

ஒரு கார் வந்து கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்தது. அவன் தடியை ஊன்றி எழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்துபோய்க் கேட்டைத் திறந்தான். கார்க்காரனுக்கு இடம் காட்டக் கையை வீசிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். அடுத்ததாக ஒரு வேன் வந்தது. அவன் இந்தப் பக்கம் வரவில்லை.

நான் மண்டபத்துக்குள் போகவில்லை. பந்தியில் உட்காராமல் வாசலோடு திரும்பிவிட்டேன் என்று சொந்தக்காரர்களுக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது.